பதின்ம வயதினரும் இணைய அபாயங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர்கள், ஆசிரியர்கள், சில சமயம் பிள்ளைகளே கேட்கும் கேள்விகள் இவை. பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டாகச் சேர்த்து வைத்திருக்கும் விவரங்களை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எங்கே ஆய்வு பேசுகிறது, எங்கே என் கருத்து பேசுகிறது என்பதைப் பிரித்துக் காட்டவும் முயன்றிருக்கிறேன்.

இணையத்தில் பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுப்பது போலீஸ் விஷயம். பொதுச் சுகாதாரத்துக்கு இதில் என்ன வேலை?

குற்றவாளியைப் பிடிப்பது போலீஸ் வேலைதான். ஆனால் போலீஸ் வருவது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. பொதுச் சுகாதாரம் அதற்கு முன்னால் போய் நின்று கேட்கிறது: ஒரே வகுப்பில் ஒரே மாதிரி செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகளில் சிலர் மட்டும் ஏன் சிக்கிக்கொள்கிறார்கள்? காலரா வந்த ஊரில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, வராதவர்களைக் காப்பாற்றியது எது என்று தேடுவார்கள் அல்லவா, அதே தேடல்தான்.

இதற்கான பெரிய கணக்கெடுப்புகள் இரண்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் அடிக்கடி சொல்வேன். ஒன்று, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஃபின்கெல்ஹோர், கிம்பர்லி மிட்செல், ஜேனிஸ் வோலக் ஆகியோர் நடத்தியது. 10 முதல் 17 வயது வரையுள்ள சுமார் 1,500 பேரிடம் தொலைபேசியில் பேசினார்கள். முதலில் 1999-2000இல், பிறகு 2005இலும் 2010இலும் புதிய பிள்ளைகளிடம் மறுபடி கேட்டார்கள். மற்றொன்று, சோனியா லிவிங்ஸ்டன் தலைமையிலான 'இயூ கிட்ஸ் ஆன்லைன்'. 2010இல் 25 ஐரோப்பிய நாடுகளில் 9 முதல் 16 வயது வரையுள்ள 25,142 பிள்ளைகளை வீடு தேடிப் போய்ச் சந்தித்தார்கள்.

அபாயம், தீங்கு என்று ஏன் பிரித்துப் பேசுகிறீர்கள்? இரண்டும் ஒன்றுதானே?

ஆற்றில் இறங்குவது அபாயம். மூழ்குவது தீங்கு. இறங்கியவர்கள் எல்லாரும் மூழ்குவதில்லை. சிலர் அங்கேதான் நீந்தக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஐரோப்பியக் கணக்கெடுப்பில் 30 சதவீதம் பேர் நேரில் அறியாத ஒருவரோடு இணையத்தில் தொடர்பு வைத்திருந்தார்கள். அப்படி அறிமுகமானவரை நேரில் சந்தித்தவர்கள் 9 சதவீதம். அந்தச் சந்திப்பால் மனம் பாதிக்கப்பட்டவர்கள் 1 சதவீதம். அதே போல, இணையத்தில் பாலியல் படங்களைப் பார்த்தவர்கள் 14 சதவீதம், அதனால் சங்கடப்பட்டவர்கள் 4 சதவீதம்.

இதைச் சொன்னால் "அப்போ கவலைப்பட ஒன்றுமில்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. 25,000 பிள்ளைகளில் 1 சதவீதம் என்றால் 250 பேர். அந்த 250 பேர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையே. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவு பயத்தோடு பார்த்தால் அந்த 250 பேர் கூட்டத்தில் மறைந்துபோவார்கள்.

எந்தெந்த நடத்தை உண்மையிலேயே ஆபத்தானது?

பெயரையும் போட்டோவையும் பள்ளியையும் வெளியிடாதே என்பதுதான் நாம் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம். ஆனால் 2007இல் மிஷெல் இபாராவும் சக ஆய்வாளர்களும் மேலே சொன்ன 2005ஆம் ஆண்டுத் தரவை எடுத்து, ஒன்பது வகை நடத்தைகளைத் தனித்தனியாகச் சோதித்தார்கள். சொந்த விவரங்களைப் பதிவிடுவது அதில் மிகப் பரவலான பழக்கமாக இருந்தது. அதை மட்டும் செய்த பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

எது பாதிப்போடு ஒட்டி நின்றது? முன்பின் தெரியாதவரோடு பாலியல் விஷயம் பேசுவது, பல வழிகளில் புதியவர்களைத் தேடிப் பழகுவது. பிறரைத் திட்டி எழுதுவதும், திரும்பத் திரும்ப அவமானப்படுத்துவதும்கூட. இந்தக் கடைசி இரண்டும் பலருக்கு ஆச்சரியம் தரும். அடிக்கிற பிள்ளையே அடி வாங்குகிற பிள்ளையாகவும் இருக்கிறது என்பது பள்ளி மைதானத்தில் நாம் பார்த்ததுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எண்ணிக்கை. நான்கு வகை நடத்தைகள் சேர்ந்திருந்த பிள்ளைகள் தொல்லைக்கோ மிரட்டலுக்கோ ஆளாகும் சாத்தியக்கூறு, எதுவும் இல்லாதவர்களைவிடச் சுமார் 11 மடங்காக இருந்தது. ஒரு தடவை ஒரு தவறு செய்த பிள்ளையை உலுக்கி எடுக்கிறோம். மெல்ல மெல்லப் பல விஷயங்கள் குவிந்துகொண்டிருக்கும் பிள்ளை அமைதியாக இருப்பதால் கவனிக்காமல் விடுகிறோம். கவனம் போக வேண்டிய இடம் அந்தக் குவியல்.

பெரியவர்கள் சின்னப் பிள்ளை மாதிரி நடித்து ஏமாற்றுகிறார்கள் என்கிறார்களே?

நடிப்பவர்கள் உண்டு. ஆனால் 2008இல் வோலக் குழு வெளியிட்ட கட்டுரை இந்தச் சித்திரத்தைப் பெருமளவு மாற்றியது. இணையத்தில் பழகிப் பிறகு பிள்ளைகளிடம் பாலியல் குற்றம் செய்து கைதானவர்களின் வழக்குகளை அமெரிக்கா முழுவதிலும் இருந்து திரட்டிப் பார்த்தார்கள். தன்னைப் பதின்ம வயதினர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 5 சதவீதம்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எதிரே இருப்பவர் வயதில் பெரியவர் என்று தெரியும். பேச்சு பாலியல் பக்கம் போகிறது என்பதும் தெரியும். நேரில் சந்தித்தவர்களில் 73 சதவீதம் பேர் ஒரு தடவைக்கு மேல் சந்தித்திருக்கிறார்கள்.

படிக்கும்போதே வலிக்கிற விவரம் இது. இதை வைத்து "அப்போ பிள்ளைக்கும் இதில் பங்கு இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அது முழுத் தவறு. பதிமூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை காதல் என்று நம்பியதைப் பெரியவர் திட்டமிட்டுப் பயன்படுத்தினார் என்பதுதான் இதன் பொருள். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

ஆனால் நம் எச்சரிக்கை ஏன் பலிக்கவில்லை என்பது இங்கே புரிகிறது. "தெரியாதவரிடம் பேசாதே" என்கிறோம். மூன்று மாதமாகத் தினமும் இரவு "சாப்பிட்டியா, பரீட்சை எப்படி இருந்தது?" என்று கேட்பவர் அந்தப் பிள்ளைக்குத் தெரியாதவர் இல்லை. வீட்டில் இருப்பவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர். சொல்லிக்கொடுக்க வேண்டியது வேறு: வயதில் பெரியவர் ஒருவர் ரகசியம் காக்கச் சொன்னால், மற்றவர்களிடமிருந்து உன்னைப் பிரித்தால், பேச்சை உடம்பு பக்கம் திருப்பினால், அவர் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அது சரியில்லை.

பணத்துக்காக மிரட்டுவது வேறு வகை. அங்கே போலி அடையாளம்தான் ஆயுதம். அதற்குக் கீழே வருகிறேன்.

எந்தப் பிள்ளைகள் எளிதில் பாதிக்கப்படுகிறார்கள்?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான்.

ஜென்னி நோல் என்ற ஆய்வாளர் 14 முதல் 17 வயது வரையுள்ள 251 பெண் பிள்ளைகளைக் கொஞ்ச காலம் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் 130 பேர் ஏற்கனவே வீட்டில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர்கள், 121 பேர் அப்படி ஆகாதவர்கள். 2013இல் முடிவுகள் வெளியாயின. அடுத்த 12 முதல் 16 மாதங்களுக்குள், இணையத்தில் மட்டுமே பழகிய ஒருவரை நேரில் சந்தித்ததாக 30 சதவீதம் பேர் சொன்னார்கள். கொடுமைக்கு ஆளான பிள்ளைகளிடம் பாலியல் உள்ளடக்கத்தைத் தேடுவது, பாலியல் சாயல் உள்ள சுயவிவரம் வைப்பது, பாலியல் தொந்தரவுக்கு ஆளாவது போன்ற அபாயங்கள் அதிகம் காணப்பட்டன.

மனச்சோர்வு, தனிமை, பெற்றோரோடு ஓயாத சண்டை, ஒருபாலீர்ப்பு அல்லது மாற்றுப் பாலின அடையாளத்தை வெளியே சொல்ல முடியாத நிலை ஆகியவையும் வெவ்வேறு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஃபின்கெல்ஹோர் குழு இன்னொன்றையும் காட்டியது. ஒரு வகையில் பாதிக்கப்பட்ட பிள்ளை பெரும்பாலும் பல வகைகளில் பாதிக்கப்பட்டிருக்கிறது. பள்ளியில் சீண்டல், வீட்டில் அடி, இணையத்தில் தொல்லை என்று எல்லாம் ஒரே பிள்ளை தலையில் விழுகின்றன.

காயம் அந்தப் பிள்ளையோடுதான் இணையத்துக்குள் போகிறது. வெளியே கிடைக்காத கவனிப்பும் பாராட்டும் அங்கே கிடைக்கின்றன. கொடுப்பவர் நல்லவராகவும் இருக்கலாம். ஊரில் ஒருவரிடமும் பேச முடியாத பிள்ளைக்கு இணையத்தில்தான் முதல் உண்மையான நண்பன் கிடைக்கிறான் என்பதும் உண்மை. அதனால்தான் செல்போனைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதைத் தேடி அங்கே போனார்களோ அந்தப் பசி அப்படியே இருக்கும்.

வருடத்துக்கு வருடம் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறதா?

எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கணக்கெடுப்பில், விரும்பத்தகாத பாலியல் அழைப்பு வந்ததாகச் சொன்னவர்கள் 2000இல் 19 சதவீதம், 2005இல் 13, 2010இல் 9. குறைந்திருக்கிறது. விரும்பாமலே ஆபாசம் கண்ணில் பட்டது 25, 34, 23 என்று ஏறி இறங்கியது. இணையவழிச் சீண்டலோ 6, 9, 11 என்று ஏறியது. பயமுறுத்தும் செய்தி ஓடிக்கொண்டிருந்த திசை ஒன்று, அபாயம் வளர்ந்த திசை வேறு.

ஆனால் 2010ஆம் ஆண்டுக் கேள்வித்தாளில் இல்லாத அபாயங்கள் பிறகு வந்தன. அவற்றில் கொடியது, அந்தரங்கப் படத்தை வாங்கிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டுவது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2022இல் இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. குறிவைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் 14 முதல் 17 வயது வரையுள்ள பையன்கள். இளம்பெண் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பேச்சைத் தொடங்குவார். சில மணி நேரத்துக்குள் படம் கைமாறும், உடனே மிரட்டல் தொடங்கும். பெண் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுப் பழகிய வீடுகளில் இந்தப் பையன்களைக் கவனிக்க ஆள் இல்லை. உயிரை மாய்த்துக்கொண்ட பையன்களும் உண்டு.

பதின்ம வயதில் மூளை முழுசாக வளரவில்லை, அதனால்தான் இப்படி என்கிறார்களே?

பாதி உண்மை. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் 306 பேரை வைத்து ஒரு கார் விளையாட்டுச் சோதனை செய்தார்கள். தனியாக விளையாடியபோது பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் பதின்ம வயதினர் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். சமூக ஊடகத்தில் நண்பர்கள் பார்க்காத நேரமே கிடையாது. மூளையைக் குறை சொல்லும் முன் அந்த மேடையை யார் கட்டினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அந்தரங்கப் படம் அனுப்புவது எவ்வளவு பரவலாக இருக்கிறது?

ஷெரி மேடிகன் குழு 2018இல் 39 ஆய்வுகளைத் தொகுத்தது. மொத்தம் 1,10,380 பேர். படமோ வீடியோவோ செய்தியோ அனுப்பியவர்கள் 14.8 சதவீதம், பெற்றவர்கள் 27.4. அனுமதி இல்லாமல் மற்றவருக்கு அனுப்பியவர்கள் 12 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். நம் அறிவுரை முழுக்க முழுக்கப் படம் எடுத்துக் கொடுத்த பிள்ளைக்கே போகிறது. நம்பிக் கொடுத்ததை ஊருக்குக் காட்டியவரிடம் நாம் பேசுவதே இல்லை. வகுப்பில் யாராவது ஒருவருடைய படம் சுற்றி வரும்போது "எனக்கு அனுப்பாதே" என்று சொல்லும் பத்து பேரை உருவாக்குவது, "படம் எடுக்காதே" என்று நூறு பேருக்குச் சொல்வதைவிடப் பயன் தரும் என்று நம்புகிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?

தூக்கம் கெடாத அளவு. மணிக்கணக்குக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடச் சிறியது. ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019இல் மூன்று பெரிய தரவுத் தொகுப்புகளில் இருந்த 3,55,358 பதின்ம வயதினரின் விவரங்களைப் பார்த்தார்கள். அவர்களுடைய மனநலம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் டிஜிட்டல் பயன்பாடு விளக்கியது அதிகபட்சம் 0.4 சதவீதம். இது சராசரிக் கணக்கு. ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு ஒரு மணி நேரமே விஷமாகலாம். அதனால் எவ்வளவு நேரம் என்பதோடு, யாரோடு, எந்த மனநிலையில் என்றும் கேளுங்கள்.

கண்காணிப்பு ஆப் போடலாமா?

சின்ன வயதுக்கு, தற்செயலாகக் கண்ணில் படும் ஆபாசத்தைத் தடுக்க, வடிகட்டிகள் ஓரளவு உதவும். ஆனால் மேலே சொன்ன ஜென்னி நோலின் ஆய்வில், வடிகட்டி மென்பொருள் பிள்ளைகளின் அபாயகரமான இணைய நடத்தையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. குறைத்தது நல்ல வளர்ப்பும் பெற்றோரின் அக்கறையான கவனிப்பும். எங்கே போகிறாய், யாரோடு பழகுகிறாய் என்று சாதாரணமாகக் கேட்டு, அதற்குப் பிள்ளை சாதாரணமாகப் பதில் சொல்கிற வீடு.

ஒளித்து வைக்கும் உளவு ஆப் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது ஒருநாள் வெளியே தெரியும். தெரிந்த பிறகு, சொல்ல வேண்டிய விஷயம் வந்தால் அந்தப் பிள்ளை உங்களிடம் வராது.

என் பிள்ளை எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிடும். போதாதா?

அப்படித்தான் பெரும்பாலான பெற்றோர் நம்புகிறார்கள். ஐரோப்பியக் கணக்கெடுப்பில் பிள்ளையிடமும் பெற்றோரில் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி வந்ததாகச் சொன்ன பிள்ளைகளின் பெற்றோரில் 56 சதவீதம் பேர் "என் பிள்ளைக்கு அப்படி எதுவும் வந்ததில்லை" என்றார்கள். இணையத்தில் பழகியவரை நேரில் சந்தித்த பிள்ளைகளின் பெற்றோரில் 61 சதவீதம் பேருக்கு அது தெரியாது.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? செல்போன் போய்விடும் என்ற பயம் பெரிய காரணம். அதனால் இன்றே, எதுவும் நடக்காத இந்த நேரத்திலேயே, ஒரு வாக்குக் கொடுங்கள்: "நீ என்ன செய்திருந்தாலும், என்னிடம் வந்து சொன்னதற்காக உன் போனை வாங்கமாட்டேன்." கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும்.

பள்ளியில் போலீஸ் அதிகாரியை அழைத்து ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால்?

ஒரு மணி நேரக் கூட்டமும் திகில் கதைகளும் நடத்தையை மாற்றாது. போதைப்பொருள் தடுப்பில் இதைப் பல ஆண்டுகள் செய்து பார்த்தாகிவிட்டது. 2014இல் லிசா ஜோன்ஸும் கிம்பர்லி மிட்செலும் இன்னொருவரும் அமெரிக்காவில் பரவலாக இருந்த நான்கு இணையப் பாதுகாப்புப் பாடத்திட்டங்களை ஆராய்ந்தபோது, ஆய்வின் அடிப்படையில் அமைந்த செய்திகளும் செய்து பார்த்துப் பழகும் பயிற்சிகளும் அவற்றில் குறைவாகவே இருந்தன. பலன் தருவது திரும்பத் திரும்ப நடக்கும் சின்னப் பயிற்சி. மறுத்துச் சொல்வது எப்படி, கோபத்தில் டைப் செய்ததை அனுப்பாமல் நிறுத்துவது எப்படி, சிக்கிய நண்பனுக்கு உதவுவது எப்படி.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டால் நாமே யோசனை கொடுத்தது போல ஆகாதா?

ஆகாது. தற்கொலை எண்ணம் பற்றியே இதே பயம் இருந்தது. மேடலின் கோல்ட் குழு நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டது. கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு மனத்துயரமோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்களுக்குக் கேள்வி கொஞ்சம் ஆறுதலாகவே இருந்ததுபோல் தெரிந்தது.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒரே சமயத்தில் கேட்ட ஆய்வா, பல மாதம் தொடர்ந்த ஆய்வா? ஒரே சமயத்தில் கேட்டால், சோர்வால் இணையத்துக்குப் போனார்களா, இணையத்தால் சோர்ந்தார்களா என்று பிரிக்க முடியாது. அப்புறம், 'தொல்லை' என்று எதை எண்ணினார்கள்? வகுப்புத் தோழன் அனுப்பிய ஒரு அசிங்கமான வார்த்தையும் ஐம்பது வயதுக்காரரின் அழைப்பும் சில ஆய்வுகளில் ஒரே கணக்கில் வருகின்றன. கடைசியாக, தரவு எங்கே, எப்போது எடுத்தது? நான் இங்கே தந்திருப்பவை பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய எண்கள். அவற்றில் சில, பத்து ஆண்டுகளுக்கு மேல் பழையவை. எண்கள் இடத்துக்கு இடம் மாறும். குவியும் அபாயமும் காயத்தோடு வரும் பிள்ளையும் மாறிமாறி வந்த ஆய்வுகளில் நிலைத்திருப்பதால்தான் அவற்றை அழுத்திச் சொல்கிறேன்.

ஏற்கனவே நடந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், குறிப்பாக முதல் இரவு. "ஏன் செய்தாய்?" என்ற கேள்வியைத் தள்ளிவையுங்கள். மிரட்டுகிறவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் பெரும்பாலும் இன்னும் கேட்பார்கள். உரையாடலையும் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிளாக் செய்யுங்கள், அந்தத் தளத்திலும் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: பிள்ளையின் அந்தரங்கப் படத்தை ஆதாரம் என்று எண்ணி நகல் எடுப்பதோ யாருக்காவது அனுப்புவதோ கூடாது.

18 வயதுக்கு முன் எடுத்த படமாக இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஒரு எண் குறியீடு மட்டும் போகும். சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தக் குறியீட்டை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். சேராத தளங்களில் இது பலிக்காது.

இதைப் படிக்கிற எனக்குத்தான் பதினைந்து வயது. நான் சிக்கியிருக்கிறேன். யாரிடம் சொல்வது?

உன்மேல் குற்றம் இல்லை. நீ படம் அனுப்பியிருந்தாலும், நேரில் போயிருந்தாலும், அவரைப் பிடித்திருந்தாலும் இல்லை. இந்த வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று மிரட்டுகிறவர் நம்பவைப்பார். அவருக்கு வேண்டியது உன் அவசரமும் உன் தனிமையும்தான். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அதையும் சேர்த்து, இன்றைக்கே சொல்ல வேண்டும்.

அம்மா அப்பாவிடம் முடியவில்லை என்றால் அக்கா, சித்தி, ஒரு ஆசிரியர், டாக்டர், குழந்தைகள் உதவி எண், யாராவது ஒரு பெரியவர். முதல் ஆள் சரியாகக் கேட்கவில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் போ. வாய்விட்டுச் சொல்ல வரவில்லை என்றால் எழுதிக் கொடு: "ஆன்லைனில் எனக்கு ஒரு பிரச்சினை. திட்டாமல் முழுசாகக் கேட்க முடியுமா?" அவ்வளவு எழுதினால் போதும். மீதியை அவர்கள் கேட்கக் கேட்கச் சொல்லலாம்.